நூற்று நாற்பத்து நான்கும் தகுதிதான்

2025ஆம் ஆண்டு இளநிலை நீட் தேர்வில் பொதுப்பிரிவினருக்கான தகுதி மதிப்பெண் 144. மொத்தம் 720. ஐந்தில் ஒரு பங்கு எடுத்தால் போதும், மருத்துவம் படிக்கும் தகுதி வந்துவிடுகிறது. அதைப்போல மூன்று மடங்கு எடுத்த பொதுப்பிரிவு மாணவருக்கோ அரசுக் கல்லூரியில் இடம் கிடைப்பது அரிது. நீட் தகுதியை அளக்கிறது என்பவர்கள் இந்த இரண்டில் எதைத் தகுதி என்கிறார்கள்?

நீட் வந்ததற்கு நியாயமான காரணங்கள் உண்டு. தனியார் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் தனித்தனியே தேர்வு நடத்திய காலத்தில், ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பக் கட்டணம் கட்டி ஊர் ஊராக அலைய வேண்டியிருந்தது. கையில் ரொக்கம் வைத்திருந்தவர்களுக்குத் தேர்வே ஒரு சடங்குதான். மத்தியப் பிரதேசத்தின் வியாபம் ஊழல், மாநிலத் தேர்வும் விலைபோகும் என்று காட்டியது. ஒரே தேர்வு, ஒரே தரவரிசை, கலந்தாய்வு வழியே சேர்க்கை என்ற ஏற்பாடு அந்தப் பின்வாசலை ஓரளவு அடைத்தது. 2020 முதல் எய்ம்ஸ், ஜிப்மர் இடங்களும் இதற்குள் வந்ததால் மாணவரின் அலைச்சல் குறைந்தது.

நீட்டுக்கு முந்தைய தமிழகமும் பொற்காலம் அல்ல. நுழைவுத்தேர்வு நீக்கப்பட்ட பின், 2007 முதல் பத்தாண்டுகள் பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாவற்றையும் தீர்மானித்தது. கால் மதிப்பெண்ணில் சீட் போன கதை தெருவுக்கு ஒன்று இருந்தது. நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, பிளஸ் டூ புத்தகத்தை இரண்டு ஆண்டு மனப்பாடம் செய்யவைத்தன. ‘பிராய்லர் பள்ளி’ என்ற பெயர் அப்போது வந்ததுதான். அந்த முறையிலும் மருத்துவம் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்கள் ஆண்டுக்குச் சில பத்துப் பேரே.

ஆக, பழைய குதிரைப் பந்தயத்துக்குப் பதில் புதிய பந்தயம். ஆனால் புதியதில் நுழைவுக் கட்டணம் கூடிவிட்டது. நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் தந்த அறிக்கையின்படி, தமிழக மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தோரில் மறுமுறை தேர்வெழுதியவர்களின் பங்கு 2016-17இல் 12.47 விழுக்காடு, 2020-21இல் 71.42 விழுக்காடு. பள்ளியை முடித்த பிறகும் ஓராண்டோ இரண்டாண்டோ வருமானமின்றி வீட்டில் இருந்து, பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவர்களுக்கே வாசல் திறக்கிறது என்பதே இதன் பொருள். கூலி வேலைக்குப் போகும் தாயின் பிள்ளைக்கு இரண்டாம் வாய்ப்பு என்பது ஏட்டில் மட்டுமே.

எல்லோருக்கும் சமமான தேர்வு என்ற பேச்சும் நடைமுறையில் நிற்கவில்லை. 2018இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டிருந்ததாக வழக்குப் போனது. 196 மதிப்பெண் வழங்கச் சொன்னது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிழையின் சுமை கடைசியில் தமிழில் எழுதிய மாணவர் தலையில்தான் விழுந்தது. 2024இல் பாட்னாவிலும் ஹசாரிபாகிலும் வினாத்தாள் கசிந்ததை உச்ச நீதிமன்றமே ஏற்றது. கசிவு பரவலானது என்பதற்குச் சான்று போதவில்லை என்று மறுதேர்வை மட்டும் மறுத்தது.

இவற்றைவிடப் பெரிய ஓட்டை தகுதி மதிப்பெண்ணில்தான் இருக்கிறது. அது பர்சன்டைல் கணக்கு; எழுதியவர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டே வரம்பு வைக்கப்படுகிறது. எவ்வளவு மோசமாக எழுதினாலும் பாதிப் பேருக்குமேல் தகுதி பெற்றே தீர்வார்கள். 2025இல் 22 லட்சம் பேர் எழுதி 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தகுதி பெற்றனர்; எம்.பி.பி.எஸ். இடங்களோ சுமார் ஒன்றேகால் லட்சம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் ஆண்டுக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டுகிறது. வசதியில்லாதவர் விலக விலக, தரவரிசையில் எங்கோ கீழே இருப்பவருக்கும் அந்த இடம் வந்து சேர்கிறது. 2023இல் முதுநிலை நீட்டின் தகுதி வரம்பைச் சுழியம் பர்சன்டைலுக்கே இறக்கினார்கள். இடம் காலியாகக் கிடந்தால் தகுதி இறங்கிவரும்; ஏழை மாணவர் கேட்டால் மட்டும் அது இறங்காது.

2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்காகத் தமிழகம் கொண்டுவந்த 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு இதற்கு ஒரு பதில் சொன்னது. முந்தைய ஆண்டு விரல்விட்டு எண்ணக்கூடிய அரசுப் பள்ளி மாணவர்களே சேர்ந்தனர். ஒதுக்கீடு வந்த முதல் ஆண்டே மருத்துவம், பல் மருத்துவம் சேர்த்து ஏறக்குறைய 400 இடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. அவர்களும் அதே நீட்டை எழுதித்தான் வந்தார்கள். குறை பிள்ளைகளிடம் இல்லை, அவர்களை நிறுத்திய வரிசையில் இருந்தது.

நீட் இல்லாத சேர்க்கையும் நம்மிடம் உண்டு. தமிழக அரசு செவிலியர் கல்லூரிகளில் பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் நடந்துவந்திருக்கிறது. அங்கே படித்து வந்தவர்கள் கையில் ஊசி போட்டுக்கொள்ள நாம் யாரும் தயங்கியதில்லை.

நீட்டை அடியோடு தூக்கினால் தனியார் கல்லூரிகளின் பின்வாசல் மறுபடி திறக்கும். அங்கே நீட் இருக்கட்டும்; தகுதி வரம்பு பர்சன்டைலாக இல்லாமல் உண்மையான மதிப்பெண்ணாக உயரட்டும். மாநில அரசு தன் பணத்தில் கட்டிய கல்லூரிகளின் இடங்களை எப்படி நிரப்புவது என்பதை மாநிலமே முடிவு செய்யட்டும். விலக்குக் கோரிய தமிழகத்தின் மசோதாவுக்கு ஒப்புதல் இல்லை என்ற செய்தி 2025 ஏப்ரலில் வந்தது. 144ஐத் தகுதி என்று ஏற்றுக்கொண்ட அதே ஆண்டு அது.