கப்பலைப் படிக்கும் குடும்பம்

வடமதுரை வட்டாரத்தில் நூற்பாலைகள் அதிகம். வெளிநாட்டுப் பஞ்சு தூத்துக்குடியில் இறங்கி இங்கே நூலாகிறது. அந்த நூல் கன்டெய்னரில் ஏறி, அதே தூத்துக்குடி வழியாகக் கடல் கடக்கிறது. அலையே பார்க்காத நம் ஊரின் சம்பளத்தில் ஒரு பங்கைச் சரக்குக் கப்பல்தான் சுமந்து வருகிறது. அதைக் குடும்பத்தோடு போய்ப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். முத்துநகர் எக்ஸ்பிரஸில் நள்ளிரவு தாண்டித் திண்டுக்கல்லில் ஏறினால் விடியலில் தூத்துக்குடி.

கடல் கிழக்கே இருப்பதால் காலை வெயிலில் கண் கூசும். பிற்பகல் நான்கு மணிக்கு மேல் வெயில் நம் முதுகில் அடிக்கும். கப்பலின் மேல் நேராக விழும். கடற்கரையோர ரோச் பூங்காவில் உட்கார அதுதான் தக்க நேரம். மாலுமிகள் வைத்திருக்கும் வகையிலேயே ஒரு தொலைநோக்கி வாங்கிக்கொள்ளலாம்: 7 மடங்கு பெரிதாக்குவது, முன்கண்ணாடி 50 மில்லிமீட்டர் அகலம். அதற்கு மேல் பெரிதாக்கினால் கை நடுக்கத்தில் கப்பல் ஆடும்.

முதலில் பார்க்க வேண்டியது நீர்மட்டம். பாரம் ஏற்றிய கப்பல் தாழ்ந்து கிடக்கும். பாரம் இறக்கிய கப்பல் எழும்பி நிற்கும். உடலின் கீழ்ப்பாதியில் பூசிய சிவப்பு வெளியே தெரியும், அணியத்தின், அதாவது முன்முனையின், அடியில் உருண்டு துருத்தும் மூக்கும் தெரியும். அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பல் அமிழ்ந்து வந்து உயர்ந்து போவதைப் பார்த்தாலே, நம் வீட்டு விளக்கு எதில் எரிகிறது என்று குழந்தைக்குப் புரிந்துவிடும்.

கப்பலின் நடுவிலாவில் ஒரு வட்டமும் அதைக் குறுக்கே வெட்டும் கோடும் வரைந்திருக்கும். சாமுவேல் பிளிம்சால் என்ற ஆங்கிலேய நாடாளுமன்ற உறுப்பினர் போராடி 1876-இல் சட்டமாக்கிய குறி அது. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றி, மூழ்கினால் காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ளும் முதலாளிகள் அன்று இருந்தார்கள். மாலுமிகளின் உயிரைக் காக்க வந்தது அந்தக் கோடு. பக்கத்தில் உள்ள சிறு கோடுகள் வெப்பக்கடல், கோடை, குளிர்காலம், நன்னீர் என்று ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு அமிழலாம் என்று சொல்கின்றன. கப்பலில் இதைவிட அழகான ஓவியம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

அடுத்து நங்கூரம். துறைமுகத்தில் இடம் கிடைக்கும்வரை வெளியே காத்திருக்கும் கப்பல்கள் பெரும்பாலும் ஒரே திசை பார்த்து நிற்கும். காற்றும் நீரோட்டமும் வரும் பக்கம் அணியம் தானாகத் திரும்பிக்கொள்ளும். முன்பக்கம் ஒரு கறுப்புப் பந்து தொங்கினால் நங்கூரத்தில் நிற்கிறது என்று பொருள். இருட்டிய பிறகு ஓடும் கப்பலில் சிவப்பு விளக்கு தெரிந்தால் அதன் இடப்பக்கம் நம்மை நோக்கியிருக்கிறது. பச்சை தெரிந்தால் வலப்பக்கம். பாதி வெள்ளை, பாதி சிவப்புக் கொடி ஏறினால் கப்பலுக்கு வழிகாட்டும் துறைமுக பைலட் அதில் இருக்கிறார். அப்போது யாரும் டீ வாங்க எழுந்து போகக் கூடாது. கப்பல் நகரும் நேரம் அது.

இந்தப் பொழுதுபோக்கில் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஒருவர் புகைபோக்கியின் நிறத்தையும் சின்னத்தையும் வைத்துக் கம்பெனியைக் கண்டுபிடிக்கலாம். இன்னொருவர் அமரத்தில், அதாவது பின்முனையில், எழுதியுள்ள பதிவுத் துறைமுகத்தைப் படிக்கலாம். பனாமா, மன்ரோவியா, மஜூரோ என்று வரும் பெயர்களைக் குழந்தைகள் நிலப்படத்தில் தேடட்டும். கணக்குப் பிள்ளைக்குக் கப்பலின் ஏழு இலக்க எண். முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டினால், விடையின் கடைசி இலக்கமே ஏழாவது இலக்கமாக இருக்க வேண்டும். 9074729 என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 139, கடைசியில் 9. கைப்பேசிச் செயலிகளில் இந்த எண் கிடைக்கும். கண்ணால் ஊகித்துவிட்டு அதன் பிறகே செயலியைத் திறப்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

பழைய துறைமுகத்துத் தோணிகளைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. இந்தக் கரையோரம் ஆழம் குறைவு. பெரிய கப்பல்கள் தொலைவில் நிற்க, சரக்கைக் கரைக்கும் கப்பலுக்கும் தோணிகளே சுமந்தன. வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, காலியா, லாவோ என்ற கப்பல்களை இங்கிருந்து கொழும்புக்கு விட்ட காலத்திலும் அதே நிலைதான். ஆழ்கடல் துறைமுகம் வந்து, 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் மரத் தோணிகள் ஒழியவில்லை. வெங்காயம், காய்கறி, கட்டுமானப் பொருள் என்று ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகின்றன. தென்மேற்குக் காற்று பலமாக வீசும் மாதங்களில் ஓய்வு. எஃகுக் கப்பலின் உடல் தட்டையான தகடு. தோணியின் விலாவிலோ பலகை பலகையாக வளைவு ஏறி வரும். இரண்டையும் ஒரே மாலையில் பார்க்க வாய்த்தவருக்குக் கப்பல் கட்டும் கலையின் இரு முனைகளும் தெரிந்துவிடும்.

இந்த ரசனைக்குக் கட்டணமில்லை, படிப்பும் வேண்டாம், பொறுமை போதும். ஒரு மணி நேரம் எதுவும் அசையாமல் இருக்கலாம். அந்த ஒரு மணி நேரம் குடும்பம் முழுவதும் ஒரே திசையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும். வீட்டில் அது சுலபமாகக் கிடைப்பதில்லை. திண்டுக்கல் பக்கத்திலிருந்து திருச்செந்தூர் போகும் குடும்பங்கள் ஏராளம். அடுத்த முறை திரும்பும் வழியில் தூத்துக்குடிக்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். நம் ஊர் நூல் எதில் ஏறிப் போகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.