காற்றலையில் சில பேச்சுகள்

ஹாம் வானொலிப் பிரியர்கள் ஒரே அலையைப் பகிர்ந்துகொண்டாலும் ஒரே மாதிரி பேசுவதில்லை.

அக்டோபர் இறுதியில் நடக்கும் உலகக் குரல்போட்டியின்போது 14 மெகாஹெர்ட்ஸ் பக்கம் திருப்பினால் 48 மணி நேரமும் ஒரே ஆரவாரம். அழைப்புக்குறி, சமிக்ஞை மதிப்பீடாக "ஐந்து ஒன்பது", மண்டல எண் (சென்னைக்கு 22). அவ்வளவுதான், அடுத்தவர்!

2017இல் வந்த எஃப்டி8 என்னும் டிஜிட்டல் முறை இன்னும் சிக்கனம். நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கியும் உருவாக்கிய இம்முறையில், கணினிகள் 15 நொடிக்கு ஒருமுறை மாறி மாறிச் செய்தி அனுப்புகின்றன. காதுக்கு எட்டாத சமிக்ஞையையும் பிரித்தெடுத்துவிடும். அபாரமான பொறியியல், ஆனால் நலம் விசாரிக்க அதில் இடமேது?

சுகம் என்றால் சாவகாசமான மோர்ஸ் அரட்டைதான். ஆன்டெனா கட்டிய கதை, ஊர் மழை, பழைய ரிசீவர் என்று பேச்சு நீளும். கைச்சாவியில் தட்டும் ஒவ்வொருவருக்கும் தனி நடை உண்டு. கோடு கொஞ்சம் இழுபடும், இடைவெளி கொஞ்சம் குறுகும். பழகிய காது பெயர் வருமுன்பே ஆளைக் கண்டுகொள்ளும். விடைபெற "73" தட்டுவார்கள்.

"நெட்" எனப்படும் கூட்டு உரையாடலில் ஒரு நிலையம் தலைமை ஏற்று, ஒவ்வொருவராக அழைக்கும். குறுக்கே பேசக்கூடாது. சாதாரண நாளில் சற்று விறைப்பாகத் தோன்றும் இந்தக் கட்டுப்பாடுதான் பேரிடரில் கைகொடுக்கிறது. 2004 டிசம்பர் சுனாமியின்போது, பொழுதுபோக்கு ஹாம் தொடர்புகளுக்காக அந்தமான் சென்றிருந்த இந்திய ஹாம்கள், பிழைத்தவர்களின் செய்திகளைப் பெருநிலத்தில் தவித்திருந்த உறவினர்களுக்குச் சேர்த்தார்கள்.