பிரதமைப் பிறையும் பிரதமைக் கல்வியும்

அண்மையில் ஓர் அவைக்கண் வான்மீகியாரின் சுந்தர காண்டத்தைப் பற்றிப் பேசிய அன்பர் ஒருவர், அதன்கண் வரும் இரண்டு உவமைகள் குற்றமுடையன என்றனர். அசோகவனத்தில் அநுமன் முதன்முதற் கண்ட சீதையைப் பிரதமைப் பிறையோடு ஒப்பிட்டது ஒன்று. மீண்டு வந்த அநுமன், பிரதமையன்றும் பாடம் ஓதுவானது கல்வி போல அவள் இளைத்தாள் என வானரர்க்கு உரைத்தது மற்றொன்று. பிரதமையிற் பிறை தோன்றாதாகலின் முன்னது காட்சியொடு மாறுபடும் என்பதும், பின்னது வெறும் மூடநம்பிக்கை என்பதும் அவர் தடை. அவையினர் நகைத்து மகிழ்ந்தனர். யாம் அன்று வாளா இருந்தேம். ஆயினும் தடைகள் ஆராயத்தக்கன வாகலின் ஈண்டு எழுதுகின்றாம்.

முதற்றடையிற் பாதி மெய். திதியென்பது ஞாயிற்றினின்றுந் திங்கள் 12 பாகை விலகுதற்குச் செல்லுங் காலம். இருசுடரும் ஒருங்கு நின்ற கணந்தொட்டு அப் 12 பாகை நிரம்புமளவும் வளர்பிறைப் பிரதமையாம். ஞாயிற்றொளியில் மறைந்த திங்கள் வெளிப்படுதற்கு வேண்டும் இடைவெளியும் அப் 12 பாகையே என்பது சூரிய சித்தாந்தத்தின் முடிபு. எனவே அந்நூற்படி பிரதமை கழியுமளவும் பிறை கண்ணுக்குப் புலனாகாது. இக்காலத்தார் கருவித்துணையால் அதனினுங் குறைந்த இடைவெளியிற் கண்டதுண்டெனினும் அது பெருவழக்கன்று.

ஆயின், வான்மீகியார் ஆண்டுப் பிரதமை என்னுஞ் சொல்லையே ஆண்டிலர். வளர்பக்கத்தின் தொடக்கத்து மாசற்ற மதிக்கீற்று என்பதே அவர் கூறியது. தொடக்கம் என்பதனைப் பிரதமை என்று பெயர்த்துக்கொண்டு, அப் பெயர்ப்புக்காகப் புலவரைத் தண்டித்தல் முறையன்று.

அற்றேல், காளிதாசர் இரகுவமிசத்தில், அயன் புலம்புமிடத்து, அவன் மகனைப் பிரதமைச் சந்திரனென்று வெளிப்படையாகவே கூறினரே எனின், அவர்க்கும் இழுக்கில்லை. நாளுக்குப் பெயர் ஞாயிறு தோன்றும்பொழுது நின்ற திதியால் வழங்கும். காலையில் நின்ற பிரதமை பகலிலேயே முடியின், மாலையில் நடப்பது துவிதியை, நாட்பெயரோ பிரதமை. அம்மாலை மேல்வானிற் காணுங் கீற்றைப் பிரதமைப் பிறை என்றல் வழக்கொடு பொருந்துவதே. விடியலுக்குச் சற்று முன்னர்த் தொடங்கிய பிரதமையாயின் அன்று மாலைப் பிறை இல்லை. திதியின் அளவு ஏறக்குறைய 20 மணி முதல் 27 மணி வரை குறுகியும் நீண்டும் வரும். பஞ்சாங்கம் புரட்டுவார் யாவரும் அறிந்த இதனை அன்பர் மறந்தனர் போலும்.

இனி, உவமையின் உயிர் கிடப்பது பிறிதோரிடத்து. மெலிவு ஒன்றே கருத்தாயின் தேய்பிறையின் கடைக்கலையும் மெலிந்ததே. மேகதூதத்து யக்கன் தன் மனைவியைக் கீழ்வானத்து எஞ்சிய ஒருகலைத் திங்களென்றே நினைக்கின்றான். வான்மீகியார் அதனைக் கொள்ளாது வளர்பக்கத்தைக் கொண்டனர். இரண்டு கீற்றும் அளவால் ஒன்றே. ஒன்று மறுநாள் இல்லையாகும், மற்றொன்று மறுநாட் பெருகும். சீதையின் துயர்க்கு எல்லையுண்டு என்பதனை அநுமன் வாய்திறவாமுன்னரே புலவர் குறித்துவிட்டனர். தக்கன் சாபத்தால் தேய்ந்த மதி இறைவன் சடையில் அடைக்கலம் புக்கு மீள வளர்ந்த வரலாறு நம்மனோர்க்குப் பழகியதாகலின் இக்குறிப்பு நமக்கு எளிதிற் புலனாகும். அதுகொண்டு வான்மீகியாரைச் சைவராக்கப் புகுகின்றேம் அல்லேம்!

இரண்டாந் தடைக்கு வருவாம். எளியேம் மடத்திற் பயின்ற காலத்துப் பிரதமையிற் புதுப்பாடம் நிகழாது. முன் கேட்டதனைச் சிந்தித்தலே உண்டு. அத்திதி கல்வியைக் கெடுக்குமோ என்பது ஈண்டு வினாவன்று. உவமை கேட்போர் அறிந்த வழக்கை நோக்கி நிற்பது. நோக்கற்பாலது வேறு. ஓதலாகா நாட்களைக் கூறும் மனுநூல், அமாவாசை ஆசிரியனையும், சதுர்த்தசி மாணாக்கனையும், அட்டமியும் பௌர்ணமியும் ஓதிய மறையையும் அழிக்குமென்கிறது. பிரதமை அவ்வடுக்கில் இல்லை. அநுமன் எடுத்தது அழிக்கும் நாளொன்றையன்று. இளைக்கச் செய்வதாகிய பிரதமையையே. இயல்பாகவே மெல்லியள், பிரிவால் மேலும் இளைத்தாள் என்று கூறி, அதன்பின் உவமையை வைக்கின்றான். கல்வி இளைத்ததேயன்றி இறந்ததன்று. அவள் உயிரோடும் கற்போடும் இருக்கின்றாள் என்னுஞ் செய்தியைக் கேட்கத் தவித்திருக்கும் வானரர்க்கு இதனினும் பொருந்திய உவமை யாது?

கூறுவோனையும் நோக்குக. கிட்கிந்தா காண்டத்தில் இவன் சொல்லைக் கேட்ட அளவிலே, மறையும் இலக்கணமும் முற்றக் கற்றவன் என்று இராமபிரான் வியந்தனர். கற்றவன் வாயிற் கல்வியே உவமையாக வந்தது. பிறிதொரு வானரன் கூறின் வாடிய கொடி என்றிருப்பான்.

அன்பர் தம் சொற்பொழிவை அச்சிடப் போவதாகக் கேள்வி. அதற்கு முன்னர் மூலத்தில் இவ்விரண்டிடங்களையும் ஒருகால் நோக்குவாராக.