ப்ளூநோஸின் அணியம்

விக்டரி போர்க்கப்பலின் மாதிரியைக் கட்டுகிறவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. 104 பீரங்கி, மூன்று பாய்மரம், கணக்கில்லாத கயிறு. அந்தப் பொறுமை எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் பார்க்கிறவர் கண் கயிற்றிலேயே சிக்கிக்கொள்ளும், கப்பலின் உடல் கவனிப்பாரற்றுப் போகும். உடலின் வளைவை ரசிக்கிறவர்கள் ஸ்கூனர் வகைப் பாய்மரக் கப்பலைத்தான் கட்ட வேண்டும். ஸ்கூனர் என்றால் எனக்கு ப்ளூநோஸ். ப்ளூநோஸ் என்றால் அதன் அணியம், அதாவது முன்முனை.

1921 மார்ச்சில் நோவா ஸ்கோஷியாவின் லூனன்பர்க்கில் கடலில் இறங்கியது. வரைந்தவர் வில்லியம் ரூவே. ஹாலிஃபாக்ஸில் குடும்பத்தின் சோடா கம்பெனியைப் பார்த்துக்கொண்டே படகு வரையத் தானாகக் கற்றவர். கட்டிக்கொண்டிருக்கும்போது அவர் வரைபடத்தில் ஒரு மாற்றம் செய்தார்கள். முன்னறையில் சாப்பிட்டுத் தூங்கும் மீனவர்களுக்கு இடம் போதாதென்று அணியத்தை 18 அங்குலம் உயர்த்தினார்கள். வசதிக்காகச் செய்த அந்த ஏற்றத்தை வைத்துத்தான் இன்றைக்கும் தூரத்துப் படத்தில்கூட ப்ளூநோஸை அடையாளம் காண்கிறேன். 1:64 அளவில் அது வெறும் 7 மி.மீ. 27 அங்குல நீள உடலில் என் உழைப்பில் பாதி அந்த 7 மி.மீ.க்குத்தான் போகிறது.

உடலின் நடுவில் சாதுவாகப் படுத்து வரும் பாஸ்வுட் பட்டை, அணியத்தை ஒட்டிய கடைசி வங்குச் சட்டங்களில் உள்ளே வளைய வேண்டும், முறுக வேண்டும், மேலேயும் ஏற வேண்டும். வெந்நீரில் ஊறினால் முதல் இரண்டுக்கும் இணங்கும். பக்கவாட்டில் மேலே வளைத்தால் மட்டும் விளிம்பு கிளம்பி நிற்கும். அகலமான பட்டையிலிருந்து அந்த வளைவாகவே வெட்டி எடுப்பதுதான் சரி. முனையை நோக்கி ஒடுக்கிக்கொண்டே போகலாம், பாதி அகலத்துக்குக் கீழே போகக் கூடாது. ஊசியாய்ச் சீவிய பலகையில் நிஜப் படகில் ஆணி எப்படி நிற்கும்?

மரநிறத்திலேயே விட வேண்டும், பெயின்ட் உழைப்பை மறைத்துவிடும் என்று ஒரு கட்சி. ஆனால் வார்னிஷ் போட்டால் மரத்தின் வரிகள் கண்ணை இழுக்கும், வளைவில் உள்ள பிசகு தப்பித்துவிடும். கறுப்பு அடித்துப் பாருங்கள், ஒரு மேடு பள்ளம் ஒளியாது. ப்ளூநோஸும் கறுப்புப் படகுதானே.

லேசரால் வெட்டும் முறை வந்தபின் வங்குச் சட்டங்கள் கச்சிதமாகப் பொருந்துகின்றன, மறுக்கவில்லை. கூடவே, கருகிய விளிம்பைத் தேய்க்காமல் ஒட்டும் பழக்கமும் வந்துவிட்டது. கருகின இடத்தில் பசை சரியாகப் பிடிக்காது. விளிம்பைச் சாய்வாகத் தேய்த்தால் கருகலும் போகும், பட்டையும் முழுதாகப் பதியும். இப்போதைய கையேடுகளில் இந்த வேலைக்கு ஒரு வரிதான், கயிற்று முடிச்சுக்குப் பக்கம் பக்கமாக வண்ணப் படம். மேல்தளத்தில் டோரி என்ற சிறு மீன்பிடிப் படகுகளை நான்கு நான்காக அடுக்கிய அழகில் மனம் நிறைந்துவிடுகிறது. குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் அணியம் மழுங்கியிருக்கிறது. அங்கே 2 மி.மீ. தேய்ந்துவிட்டால் அது வேறு ஏதோ ஸ்கூனர்.

மூலப்படகு 1946-இல் ஹெய்ட்டி அருகே பாறைத்திட்டில் மோதி அழிந்தது. 1963-இல் அதே பட்டறையில் கட்டிய இரண்டாவது ப்ளூநோஸ் இருக்கிறது. ஆனாலும் அணியத்துக்கு நான் நம்புவது புகைப்படக்காரர் வாலஸ் மக்காஸ்கில் மூலப்படகை எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைத்தான். மேல்வரிசைப் பட்டையை ஒட்டுமுன் அந்தப் படத்தோடு ஒப்பிடுகிறேன். ஏற்றம் குறைந்தால் மெல்லிய சீவல் ஒட்டி உயர்த்திவிட்டுத்தான் அடுத்த வேலை.