மோட்டார் சொல்வதும் காற்று சொல்வதும்

மும்பையில் தாராவியின் 90 அடிச் சாலையிலிருந்து செம்பூர் வரை, இரண்டு வண்டி நிறுத்த மட்டுமே இடமுள்ள கேரேஜிலும் இன்று ஸ்கேனர் வந்துவிட்டது. குளிர் போதவில்லை என்று வரும் காரில் அதை மாட்டி, ஏசியில் காற்றின் வழியைத் திறந்து மூடும் ஃபிளாப்களின் மோட்டார்களுக்குக் கேலிப்ரேஷன் கொடுத்து, திரையில் 'பாஸ்' என்று வந்ததும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது வழக்கமாகி வருகிறது. மிஸ்திரியின் ஊகம் ஒழிந்தது, இனி கருவியின் தீர்ப்புதான் என்று இதற்கு வக்காலத்து வாங்குவோரும் உண்டு. கேலிப்ரேஷன் அவசியமான வேலை, அதில் மறுப்பில்லை. ஆனால் அதையே சோதனை என்று நம்பியதால்தான் சரியாக இருக்கும் பாகங்கள் மாற்றப்படுகின்றன, வேண்டாத கேஸ் நிரப்பப்படுகிறது, கெட்டுப்போன ஃபிளாப் மட்டும் கெட்டபடியே டேஷ்போர்டுக்குள் கிடக்கிறது.

கேலிப்ரேஷனுக்குரிய நியாயத்தை முதலில் சொல்லிவிடலாம். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலோ புது மோட்டார் பொருத்தினாலோ, ஃபிளாப் எங்கே நிற்கிறது என்பது கன்ட்ரோல் யூனிட்டுக்குத் தெரியாமல் போகலாம். அப்போது அது மோட்டாரை ஒரு முனைவரை ஓட்டி, மறுமுனைவரை ஓட்டி, இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கற்றுக்கொள்கிறது. இரண்டு வயர் மட்டுமுள்ள மோட்டார்களில் துடிப்புகளை எண்ணித்தான் இடம் அறிய வேண்டியிருப்பதால் இந்தப் பாடம் இல்லாமல் ஏசி தடுமாறும். வயர் அறுந்திருந்தாலும், பல் உடைந்து டிக் டிக் என்று சத்தம் வரும் அளவுக்குக் கெட்டிருந்தாலும், பெரும்பாலும் எரர் கோடு விழுந்துவிடும். இவ்வளவும் கருவிக்குச் சேர வேண்டிய பெருமை.

குறை இருக்கும் இடம் வேறு. உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டிதான் ஃபிளாப் மோட்டார். திறந்தால் ஒரு சின்ன டிசி மோட்டார், அடுத்தடுத்து மூன்று நான்கு பிளாஸ்டிக் பல்சக்கரங்கள், ஐந்து வயர் வகையானால் கடைசிச் சக்கரத்துக்கு அடியில் ஒரு கரித் தடமும் அதன்மேல் உரசிச் செல்லும் சிறு உலோகத் தகடும். கன்ட்ரோல் யூனிட்டுக்கு வோல்ட் கணக்கில் செய்தி அனுப்புவது இந்தத் தடம்தான். அது சொல்வது கடைசிச் சக்கரத்தின் நிலையை. ஃபிளாப்பின் நிலையை அல்ல. சக்கரத்துக்கும் ஃபிளாப்புக்கும் நடுவே தண்டு இருக்கிறது, பல கார்களில் நெம்புகோலும் இருக்கிறது, ஃபிளாப்பின் ஓரத்தில் காற்றை அடைக்கும் ஃபோம் ஒட்டியிருக்கிறது. தண்டு விரிசல் விட்டு வழுக்கினாலும், ஃபோம் உதிர்ந்து துளை விழுந்தாலும், மோட்டார் தன் வேலையைக் குறையில்லாமல் செய்யும். தடம் சரியான வோல்ட்டைக் காட்டும். கேலிப்ரேஷன் பாஸ் ஆகும். எடைக்கல்லைத் தொடாமல் தராசு முள் ஆடுகிறதா என்று மட்டும் பார்த்து முத்திரை குத்துவதைப் போன்றது இது. கேபிள் வைத்த பழைய கார்களில் குமிழைத் திருப்பும் கைக்கு ஃபிளாப்பின் கனம் தெரியும். அது சிக்கினாலும் கழன்றாலும் விரலே சொல்லிவிடும். மோட்டார் வந்ததும் அந்தச் சேதி அறுந்துபோனது. அதன் இடத்தில் வேறொரு சோதனையை நாம் வைக்கவில்லை.

சின்னக் கசிவுதானே என்று விடுவதற்கில்லை. கூலிங் காயிலைத் தாண்டி வரும் காற்று 5 டிகிரி என்றும், ஹீட்டர் காயில் வழியே வருவது 65 டிகிரி என்றும் வைத்துக்கொள்வோம். என்ஜின் தண்ணீர் 80, 90 டிகிரிக்குப் போவதால் இது மிகையான கணக்கல்ல. வெப்பத்தைக் கலக்கும் ஃபிளாப் முழுதாக மூடாமல் பத்தில் ஒரு பங்குக் காற்று ஹீட்டர் பக்கம் போனால், முகத்தில் அடிக்கும் காற்று 11 டிகிரி. ஆறு டிகிரி அங்கேயே போய்விட்டது. கேஸ் அளவு சரி, கம்ப்ரஸர் சரி, ஸ்கேனரும் சரி என்கிறது. குளிர் மட்டும் இல்லை. உடனே கேஸ் குறைவு என்று முடிவு கட்டி இன்னும் கொஞ்சம் ஏற்றுகிறார்கள். சிறிய கார்கள் பலவற்றுக்கு மொத்தத் தேவையே அரைக் கிலோவுக்குள்தான். அளவுக்கு மேல் ஏற்றினால் அழுத்தம் கூடி, இருக்கும் குளிரும் குறையும், கம்ப்ரஸர் தேயும். ஃபிளாப்பில் தொடங்கிய கோளாறுக்குக் கம்ப்ரஸர் விலை கொடுக்கிறது.

டேஷ்போர்டை இறக்கிப் பார்ப்பது ஒரு நாள் வேலை, அந்தக் கூலியை யார் கொடுப்பார்கள் என்று கேட்கலாம். இறக்கவே வேண்டாம். என்ஜின் சூடான பிறகு நடு வென்டில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகி முழுக் குளிரில் அளவு எடுக்க வேண்டும். பிறகு ஹீட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கிளாம்பால் இறுக்கிச் சில நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அளவு சட்டென்று இறங்கினால் கசிவது ஃபிளாப். மும்பையின் ஈரக்காற்றில் வென்ட் அளவை நம்ப முடியாது என்பது அடுத்த மறுப்பு. தனியாக ஓர் எண்ணை எடுத்துக்கொண்டால் அது உண்மைதான். அதனால்தான் சர்வீஸ் கையேடுகள் வெளி வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து அட்டவணை தருகின்றன. ஆனால் ஹோஸை இறுக்குவதற்கு முன்னும் பின்னும் எடுக்கும் இரண்டு அளவுகள் அதே வண்டியில், அதே காற்றில் எடுத்தவை. அவற்றின் வித்தியாசத்தை ஈரம் கெடுக்காது. கம்பெனி முறையே கேலிப்ரேஷன்தான் என்பவர்கள் அந்தக் கையேட்டின் அடுத்த பக்கங்களைப் புரட்டுவதில்லை.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. சோதனைக்காக இறுக்கிய ஹோஸை அப்படியே விட்டுவிடுவது, அல்லது ஹீட்டரை ஒதுக்கி இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று சேர்த்துவிடுவது. 'மும்பையில் ஹீட்டர் யாருக்கு வேண்டும்?' என்ற கேள்வியே இதற்குச் சமாதானம். மழைக்காலத்தில் கண்ணாடி வழியே சாலையைப் பார்க்க வேண்டிய எல்லோருக்கும் வேண்டும். ஜூலையில் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் தேங்கி வண்டிகள் ஊரும்போது, நனைந்த உடையோடு நான்கு பேர் உள்ளே இருந்தால் கண்ணாடியின் உட்புறம் ஆவி படியும். ஃபிளாப் கோளாறால் குளிர்காற்று கண்ணாடி மீதே பாய்ந்தால், வெளிக்காற்றின் ஈரம் கண்ணாடியின் வெளிப்புறத்திலும் படியும். ஏசி காற்றைக் காயவைக்க, ஹீட்டர் அதை இதமாக்கினால்தான் இரு பக்கமும் தெளியும். தாதரிலிருந்து புனேக்கு டாக்ஸி ஓட்டுபவர் மழையில் போர் காட் ஏறும்போது இந்த வசதி இல்லையென்றால் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வளைவுகளைக் கடக்க வேண்டும். நோயைக் கண்டுபிடித்த பிறகு அதை மறைத்துவைத்துக் கூலி வாங்குவதைப் பழுதுபார்ப்பு என்று என்னால் ஏற்க முடியாது.

வெளிக்காற்றை அடைக்கும் ஃபிளாப்பின் கதையும் இதுதான். செம்பூரில் மாஹுல் சுத்திகரிப்பு ஆலைகளின் பக்கம் போகிறவர் ரீசர்க்குலேஷன் பொத்தானை அழுத்துகிறார், விளக்கு எரிகிறது, வாடை உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. மோட்டாருக்கு ஆணை போனது என்பதற்கு மேல் அந்த விளக்குக்கு ஒன்றும் தெரியாது. பல கார்களில் கிளவ் பாக்ஸை இறக்கி, ஃபில்டரை உருவி, டார்ச் அடித்தாலே ஃபிளாப் அசைவது கண்ணுக்குத் தெரியும். ஸ்கேனரை மாட்டும் நேரத்தில் இதைச் செய்துவிடலாம்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் டிரைவர் கேபினில் ஏசி கட்டாயம். வெயிலில் வேகும் ஓட்டுநர்களுக்கு இது எப்போதோ வந்திருக்க வேண்டிய நன்மை. ஆனால் அந்த விதி கேட்கும் சோதனை தயாரிப்பாளருக்கு உரியது. மூன்று வருடம் புழுதியில் ஓடிய பிறகு வடாலா டிரக் டெர்மினலில் நிற்கும் லாரியின் ஃபிளாப் மூடுகிறதா என்று பார்க்கப்போவது பக்கத்து கேரேஜ்தான். அங்கே வேலை கற்கும் பையன்களுக்கு ஸ்கேனரோடு தெர்மாமீட்டரையும் ஹோஸ் கிளாம்பையும் கொடுத்துப் பழக்குங்கள். ஏசி வேலைக்கு வண்டி விடுகிறவர்கள், ஹோஸைத் திறந்தும் இறுக்கியும் எடுத்த இரண்டு வென்ட் அளவுகளைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராத இடத்தில் கேலிப்ரேஷனுக்கென்று தனிப் பணம் கொடுக்காதீர்கள்.