கரண்ட் போனால் முகவரி மாறும் பிரிண்டர்

ஒட்டன்சத்திரத்தில் கரண்ட் போய்த் திரும்பி வந்தால் எங்கள் வீட்டில் ஃபேன் சுற்றும், டிவி எரியும், பிரிண்டர் மட்டும் 'ஆஃப்லைன்' என்று முறுக்கிக்கொள்ளும்.

ஆறு மாதத்துக்கு முன் வாங்கியது. இங்க் டேங்க், ஸ்கேனர், வைஃபை எல்லாம் உண்டு. காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் மச்சானுக்கு பில் அடித்துக் கொடுப்பதுதான் அதற்கு முக்கிய வேலை. அச்சில் குறை சொல்ல ஒன்றுமில்லை; எழுத்து பளிச்சென்று விழுகிறது, மையும் லேசில் தீர்வதில்லை. தகராறு முழுக்க வைஃபையில்தான்.

முதல் நாளே ரவுட்டரோடு சேர மறுத்தது. இந்த மாதிரி வீட்டுப் பிரிண்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டும்தான் பிடிக்கும். எங்கள் ரவுட்டரிலோ 2.4, 5 இரண்டுக்கும் ஒரே பெயர். பெயரைப் பிரித்து வைத்ததும் சேர்ந்துகொண்டது.

பெரிய வம்பு பிறகு வந்தது. கரண்ட் போய் வந்த ஒரு சாயங்காலம் மச்சான் போனில் கத்தினார்: "மாப்ள, பில் என்னாச்சு? கேரளா லாரி நிக்குது!" பதினோரு முறை பிரிண்ட் கொடுத்துவிட்டேன், ஒரு தாள்கூட அசையவில்லை. ஆனால் பிரிண்டரில் வைஃபை விளக்கு நிதானமாக எரிகிறது. செல்போனிலிருந்து கொடுத்தால் அச்சாகிறது. அப்படியென்றால் கோளாறு கம்ப்யூட்டர் பக்கம்.

பிரிண்டரிலேயே நெட்வொர்க் விவரத் தாளை எடுத்துப் பார்த்தேன். முகவரி 192.168.1.7. கம்ப்யூட்டரில் 'போர்ட்ஸ்' பக்கத்தில் இருந்ததோ 192.168.1.4. கரண்ட் வந்ததும் ரவுட்டர் எல்லாருக்கும் புதிதாக எண் கொடுக்கிறது. டிவி முந்திக்கொண்டு 4-ஐ வாங்கிவிட்டது. கடை மாறிய வியாபாரிக்குப் பழைய கடை வாசலில் மூட்டை இறக்கின கதைதான். இத்தனை நேரமும் என் பில் டிவி வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

வைத்தியம் பத்து நிமிடம். ரவுட்டர் பக்கத்தில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்று இருக்கும்; அதில் பிரிண்டரின் மேக் முகவரிக்கு ஒரு எண்ணை நிரந்தரமாக எழுதிவைக்க வேண்டும். பிறகு விண்டோஸில் 'ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்' சேர்த்து, அதே எண்ணைக் கொடுக்க வேண்டும். கொடுத்த கையோடு வரிசையில் நின்ற பதினோரு பில்லும் மளமளவென்று வந்து விழுந்தன. பத்தைக் கிழித்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை கரண்ட் போய் வந்துவிட்டது. பிரிண்டர் அதே எண்ணில்தான் இருக்கிறது. பத்துக்கு ஏழு மதிப்பெண் தரலாம். குறைத்த மூன்றும், இந்த எண் விவகாரத்தைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட எழுதாததற்கு.

வாங்குகிறவர்கள் யுஎஸ்பி கேபிளையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். எங்களுக்கு வந்த பெட்டியில் அது இல்லை.