துவக்கு, ரவை, சன்னம்: ஆயுதச் சொற்களும் எமது புனைகதையும்

எமது சிறுகதைகளில் துப்பாக்கி தாராளமாக இடம்பெறுகின்றது. துப்பாக்கி பற்றிய சொல்லறிவு இடம்பெறுவது அரிது. வானிலிருந்து வீழ்வதும் கையால் எறியப்படுவதும் குழலினூடாகப் பாய்வதும் ‘குண்டு’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. இதனைத் தமிழின் சொல்வறுமை எனக் கொள்ளல் தவறு. சொற்கள் மக்களிடம் உள. எழுதுவோர் அவற்றைச் செவிமடுக்கவில்லை.

துப்பாக்கி, துவக்கு ஆகிய இரண்டும் துருக்கிய மூலத்தின. பீரங்கியும் பறங்கியும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. ஆயுதத்தோடு அதன் பெயரும் வெளியிலிருந்து வந்தது என்பது வெளிப்படை. ஆயின் அதனைக் கையாண்டவர்கள் குழல், விசை, குதிரை, கோது எனத் தமக்குப் பழகிய சொற்களையே அதன் உறுப்புகளுக்கு இட்டனர். மருந்தையும் ஈயத்தையும் குழல்வாயால் இட்டு இடித்திறுக்கும் துவக்கை வன்னி விவசாயி ‘இடியன்’ என்கிறான். உழைப்பின் அசைவே அங்கு பெயராகியுள்ளது. ‘12 போர்’ என்பதும் அத்தகையதே. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டையின் விட்டமே அக்குழலின் விட்டம். எனவே 16 போர் 12 போரினும் சிறியது. இலக்கம் பெரிதாயின் துவக்கும் பெரிதென எண்ணும் கதாசிரியர் இதனைக் கவனித்தல் நன்று.

ரவை என்பது முழுமையான பொருள். கோது, அதன் அடியில் தீமூட்டும் சிறு மூடி, உள்ளே மருந்து, முனையிற் சன்னம் என்பன அதன் கூறுகள். விசை இழுபட ஊசி மூடியை அடிக்கின்றது. மருந்து எரிந்து வாயுவாகிச் சன்னத்தைத் தள்ளுகின்றது. சன்னம் சுடப்பட்டவனிடம் செல்ல, றைபிளின் வெற்றுக் கோது சுட்டவன் அருகே வீழ்கின்றது. ஒன்று காயத்தின் சான்று. மற்றது சுட்டவன் நின்ற இடத்தின் சான்று. இரண்டையும் ‘குண்டு’ என்றெழுதும்போது இரண்டாவது சான்று மறைகின்றது.

1919 ஏப்ரல் 13இல் ஜாலியன்வாலா பாக்கில் டயரின் படையினர் சுட்ட ரவைகள் 1650. அவ்வெண்ணிக்கை பற்றிப் பெரும் பிணக்கு எழவில்லை. இறந்தோர் தொகையோ அரசின் கணக்கில் 379. காங்கிரஸ் விசாரணையின் மதிப்பீட்டில் ஏறத்தாழ 1000. ரவை அரசுடைமை, அதற்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். குடியேற்றநாட்டு மக்களுக்கு அத்தகைய பேரேடு இருக்கவில்லை.

பெயர்ச்சொல்லில் நேரும் இக்குழப்பம் வினைச்சொல்லிலும் தொடர்கின்றது. ‘துப்பாக்கி வெடித்தது, அவன் வீழ்ந்தான்’ என்ற வாக்கியம் செய்தித்தாளிலிருந்து கதைக்குள் புகுந்து நிலைத்துவிட்டது. இது பொருந்துமிடம் ஒன்றுண்டு. காட்டுப்பன்றிக்கு வைக்கும் கட்டுத்துவக்கில் விசையை இழுப்பது கம்பி. கம்பியை இழுப்பது அவ்வழியே வந்தவனின் கால். துவக்கைக் கட்டியவன் அவ்வேளை வீட்டில் உறங்கியிருக்கக்கூடும். அங்கு ‘துவக்கு வெடித்தது’ என்பது சரியான தமிழ். வரிசையில் நின்று, கட்டளை பெற்று, குறிபார்த்துச் சுடும் படையினனைப் பற்றி எழுதும்போதும் எமது கதாசிரியர்கள் கட்டுத்துவக்கின் இலக்கணத்தையே கையாளுகின்றனர்.